கோயில் மைக்கில் நான் வாசித்த பெயர்கள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதிலும் நாலு பேர் முன்னால் யாராவது குறை சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

செங்கல்பட்டில் நடந்த அந்தக் கூட்டத்தில் நாலு பேர் இல்லை, அரங்கம் நிறைய ஆசிரியர்கள் இருந்தார்கள். திரையில் பள்ளிகளின் பட்டியல் ஓடியது. பிள்ளைகள் ஒழுங்காக வரும் பள்ளிக்குப் பச்சை, சுமாராக வந்தால் மஞ்சள், அடிக்கடி மட்டம் போடும் பிள்ளைகள் நிறைய இருந்தால் சிவப்பு. எங்கள் பள்ளி சிவப்பு. அதிகாரி என்னை எழுப்பி நிற்க வைத்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். "டீச்சர், உங்க ஸ்கூலுக்குப் பசங்க வர்றாங்களா, இல்ல நீங்க மட்டும் போயிட்டு வர்றீங்களா?" என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சேர்ந்து அசடு வழியச் சிரித்தேன். அவர் கேட்டதுகூட ஆறிவிட்டது. நான் சிரித்தது மட்டும் இன்னும் ஆறவில்லை.

எங்கள் பள்ளி நெம்மேலியைத் தாண்டி ஒரு மீனவக் குப்பத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளி. நான் படூரில் ஒரு அடுக்ககத்தில் இருக்கிறேன். கேளம்பாக்கத்துக்கு ஒரு பஸ், கோவளத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொரு பஸ் என்று மாறி மாறிப் போய்ச் சேர்வேன். எட்டாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. அதோடு பள்ளி முழுவதற்கும் வருகைப் பதிவை போனில் ஏற்றும் வேலையும் என் தலையில்தான். ஹெச்.எம். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தவர். போனைத் தொட்டால் ஏதாவது அழிந்துவிடும் என்று பயப்படுவார்.

குப்பத்துப் பிள்ளைகள் ஏன் வரமாட்டார்கள் என்று கேட்டால் ஒரு நோட்டு நிறைய எழுதலாம். நெத்திலி நிறைய விழுந்தால் வலையிலிருந்து உதறி எடுக்க வீட்டில் எல்லாக் கையும் வேண்டும், வரமாட்டார்கள். மீன் இல்லாவிட்டால் அப்பா அம்மா சண்டை, வரமாட்டார்கள். ஊரில் ஒரு சாவு என்றால் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள், பிள்ளைகளும் பள்ளிக்கு வரமாட்டார்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, திருவிழா, திருவிழா முடிந்த மறுநாளின் அசதி. நான் வராத பிள்ளைகளின் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். ஒழுங்காக வருகிறவர்களுக்கு அட்டையில் நட்சத்திரம் ஒட்டினேன். இரண்டு வாரம் நட்சத்திரத்துக்காக வந்தார்கள். பிறகு நட்சத்திரத்தைப் பிய்த்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு விளையாடினார்கள்.

கணக்கு டீச்சருக்கே உரிய திமிர் எனக்கு உண்டு. எதிலும் ஒரு முறை இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்புகிறவள் நான். சதுரத் தாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு போட்டு, வராத நாளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன். எல்லாருக்கும் ஏதோ ஒரு முறை கிடைத்தது. ஒருத்திக்கு மட்டும் கிடைக்கவில்லை. என் வகுப்புப் பெண்தான். வாரத்தில் ஒரு நாள் வரமாட்டாள். ஒரு வாரம் செவ்வாய், அடுத்த வாரம் வியாழன், அதற்கடுத்த வாரம் மட்டமே இல்லை, பிறகு திங்கள். மீனோடும் சேரவில்லை, திருவிழாவோடும் சேரவில்லை.

நல்ல பெண். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. அப்பா, அப்பாவின் அக்கா, இவள் என்று மூன்று பேர்தான் வீட்டில். அம்மா இல்லை என்று பதிவேட்டில் இருந்தது. இல்லை என்றால் செத்துப்போனாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன், கேட்கவில்லை. மட்டம் போட்ட மறுநாள் தவறாமல் விடுப்புக் கடிதம் கொண்டுவருவாள். குண்டு குண்டான அழகான எழுத்து, பிழையே இருக்காது. ஒரு கடிதத்தை வகுப்பில் உரக்க வாசித்து, "விடுப்பு விண்ணப்பம்னா இப்படி எழுதணும்" என்று மற்றவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். கடிதம் ஒழுங்காக வருகிற வீட்டுக்கு எதற்குப் போகவேண்டும் என்று அவள் வீட்டுக்கு மட்டும் போகவே இல்லை.

செங்கல்பட்டுக் கூட்டம் முடிந்த வாரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. குப்பத்து அம்மன் கோயிலில் ஒரு மைக் செட் உண்டு. நாலு திசைக்கும் நாலு குழாய். காற்று பலமாக அடிக்கும், கடலுக்குப் போகாதீர்கள் என்பதிலிருந்து, யாருடைய வலையையோ நாய் இழுத்துக்கொண்டு போகிறது என்பது வரை எல்லாம் அதில்தான் சொல்வார்கள். அன்று நான் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் ஊர் வேலைக்கு வரவில்லை என்று மைக்கில் அவர் பேரைச் சொன்னார்கள். பாடம் முடிவதற்குள் அந்த ஆள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலை நோக்கி ஓடியதை ஜன்னல் வழியே பார்த்தேன். நட்சத்திரம் செய்யாததை இது செய்யும் என்று எனக்குப் பட்டது.

ஊர்ப் பஞ்சாயத்துக்காரர்களிடம் போய்க் கேட்டேன். தலைவர் நைலான் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "பிள்ளைங்க படிக்கணும்னு சொல்லிகினு நீங்க அம்மாந்தூரத்துலேர்ந்து வரீங்க. தாராளமா பேசுங்க டீச்சர். ஆனா ஒண்ணு, மைக்ல பேரு வந்துட்சின்னா அந்த வூட்டுக்காரங்க சாயங்காலம் கோயிலாண்ட வந்து இன்னா ஏதுன்னு பதில் சொல்லியாவணும். அது எங்க ஊர் வழக்கம். பரவால்லியா?" என்றார். பரவாயில்லையாவா? எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் கேட்டது மைக் மட்டும்தான். அவர்கள் ஒரு ஊரையே என் கையில் கொடுத்தார்கள்.

அதன் பிறகு தினமும் காலையில் வருகைப் பதிவு முடிந்ததும், மணலில் செருப்பை இழுத்து இழுத்து நடந்து கோயிலுக்குப் போவேன். "வணக்கம். இன்று பள்ளிக்கு வராதவர்கள்" என்று ஆரம்பித்து, பிள்ளையின் பேர், அப்பா பேர், வகுப்பு மூன்றையும் இரண்டிரண்டு தடவை வாசிப்பேன். நாலு குழாயிலும் என் குரல் கடல் வரைக்கும் போகும். முதல் நாள் நீளமான பட்டியல். பத்து நாளில் மூன்று பேராகச் சுருங்கியது. ஈரத் தலையோடு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பிள்ளைகள் ஓடிவருவார்கள். ஒருவன் அம்மை போட்டு உடம்பெல்லாம் வேப்பிலையோடு வந்து வாசலில் நின்றான், நான்தான் திருப்பி அனுப்பினேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆசிரியர் அறையில் இதைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த மாதம் என் மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்காக நான் இரண்டு நாள் சி.எல். எடுத்தேன். என் பேரை யாரும் எந்த மைக்கிலும் வாசிக்கவில்லை.

மைக் ஆரம்பித்த பிறகு அந்தப் பெண்ணும் மூன்று வாரம் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. என் சதுரத் தாளில் அவள் கோடு சுத்தமாக இருந்தது. நாலாவது வாரம் ஒரு சாயங்காலம், மணி அடித்து எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில், என் மேஜைக்கு வந்து ஒரு கடிதத்தை நீட்டினாள்.

"டீச்சர், நாளைக்கு நான் லீவு. லெட்டர் இப்பவே குடுத்தர்றேன். மைக்ல மட்டும் சொல்லாதீங்க டீச்சர்."

"என்ன காரணம்?"

"வயித்து வலி டீச்சர்."

"நாளைக்கு வரப்போற வயித்து வலி உனக்கு இன்னைக்கே எப்படித் தெரியும்? முன்கூட்டியே சொல்லிட்டு வருமா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும் என்றுதான் உரக்கக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கடிதத்தை மேஜையிலிருந்து எடுக்கவும் இல்லை.

"ஒரே ஒரு நாள் டீச்சர். இந்த ஒரு தபா."

"உனக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமா? ஒழுங்கா வந்து சேரு" என்றேன். கடிதத்தை அவள் பையிலேயே செருகி அனுப்பினேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது என் கண்டிப்பை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் அவள் வரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் சொல்லியும் வரவில்லையா? அன்று பட்டியலில் அவள் ஒருத்திதான். பள்ளியிலேயே அவள் மட்டும்தான். ஒரு பேர்தானே என்று விட்டிருக்கலாம். போனேன், அவள் பேரையும் அவள் அப்பா பேரையும் வாசித்தேன். இரண்டு தடவைக்குப் பதில் மூன்று தடவை வாசித்தேன்.

நான் பள்ளிக்குத் திரும்புவதற்குள் அவள் அத்தை பள்ளி வாசலில் நின்றாள். மீன் செதில் ஒட்டிய கையோடு கரையிலிருந்து ஓடிவந்திருந்தாள். "இன்னா டீச்சர் சொல்றீங்க? வரலியா? நான்தான எட்டு மணிக்குத் தல வாரி, யூனிபாரம் போட்டு, டப்பால சோறு கட்டி அனுப்புனேன்! எங்க போச்சு பொண்ணு?" என்றாள். பின்னாலேயே அப்பா வந்தார். பள்ளிக்கூடத்து ஒவ்வொரு அறையிலும் எட்டிப் பார்த்தார். சமையல்கட்டிலும் பார்த்தார்.

அடுத்த ஆறு மணி நேரத்தை நான் மறக்க முடியாது. மைக்கில் இப்போது என் குரல் இல்லை, தலைவர் குரல். பெண்ணைக் காணோம் என்று ஊரே இறங்கியது. சவுக்குத் தோப்பில் தேடினார்கள். கிணறுகளில் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு படகு அலைக்கு அப்பால் போய்ச் சுற்றிவிட்டு வந்தது. அவள் அப்பா கடலைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்திருந்தார். நான் எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் கும்பிட்டேன். அவளுக்காகத்தான் கும்பிட்டேன். என் வேலைக்காகவும் கொஞ்சம் கும்பிட்டேன்.

நாலு மணிக்கு மாமல்லபுரத்துப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள். பைக்கில் ரோட்டோரம் நின்ற ஊர்க்காரர்கள் அப்படியே அழைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் பள்ளிக்கூடப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எங்கே போனாய் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். வாயே திறக்கவில்லை. அத்தைதான் கிட்டே போய், அவளைத் திருப்பி, முதுகில் தொங்கிய சடையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது நான் பின்னுன சட இல்ல" என்றாள்.

காலையில் அத்தை இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டி அனுப்பியிருக்கிறாள். இப்போது ஒற்றைச் சடை. பேன் பார்த்து, எண்ணெய் வைத்து, வகிடு நேராக எடுத்து, நுனி வரைக்கும் இழுத்துப் பின்னிய சடை. கூட்டத்தில் இருந்த பெண்களுக்கெல்லாம் அது யார் கை என்று புரிந்துவிட்டது, எனக்கும்கூட. வேறு நாளென்றால் தோப்போரம் நின்று அதை அவிழ்த்து மறுபடி இரண்டாகப் பின்னிக்கொண்டு வீட்டுக்குப் போவாளாம். அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பிடித்துவிட்டார்கள்.

அம்மா செத்துப்போகவில்லை. உயிரோடு மறைமலைநகரில் இருந்தாள். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. புருஷன் குடித்துவிட்டு அடித்த காலத்தில் அவரைவிட்டுப் போனவள். இந்தத் தேதிக்குள் திரும்பி வா என்று ஊர் கெடு வைத்தது. அவள் வரவில்லை. அதனால் ஊர் அவளைத் தள்ளி வைத்துவிட்டது. ஊரில் யாரும் அவளோடு பேசக்கூடாது, அவள் ஊருக்குள் கால் வைக்கக்கூடாது, பிள்ளையைப் பார்க்கக்கூடாது. அவர் பிறகு குடியை விட்டுவிட்டார், ஊர் தீர்ப்பை விடவில்லை. இதெல்லாம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூன்று வருடமாக அங்கே வேலை பார்த்த எனக்குத் தெரியாது. நான் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியில் வார விடுமுறை ஷிப்டுக்குத் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு எந்தக் கிழமை ஆஃபோ அந்தக் கிழமை இவள் பள்ளிக்கு மட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆஃப் வந்தால் வீட்டிலிருந்து கிளம்ப முடியாது, அந்த வாரம் அம்மா கிடையாது. இருவரும் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் சந்திப்பார்கள். பையைக் கொட்டிப் பார்த்தபோது, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதிகள் வரிசையாக எழுதியிருந்தன. நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஏதோ ரஃப் கணக்கு என்று நினைத்திருந்தேன். விடுப்புக் கடிதத்தின் குண்டு குண்டான எழுத்தும் அம்மாவுடையதுதான்.

தலைவர் அவளிடம் கத்தவில்லை. அடிக்க வந்த அத்தையையும் தடுத்தார். மரியாதையாகத்தான் தீர்ப்பு சொன்னார். இனிமேல் அத்தை கொண்டுவந்து பள்ளியில் விடவேண்டும், அத்தையே வந்து கூட்டிப்போகவேண்டும். மறுபடி அம்மாவைப் பார்த்ததாகத் தெரிந்தால் அப்பனின் படகு கடலில் இறங்கக்கூடாது. பிறகு என் பக்கம் திரும்பினார். "நடுப்புற நீங்கதான் பாத்துக்கணும் டீச்சர். உங்களாலதான் இது தெரிய வந்துச்சி. ஊரே உங்களுக்குக் கடம பட்டுகீது" என்றார்.

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலும் நான்தான் எடுப்பேன். உரிமைகள் என்று ஒரு பாடம் வந்தால் கை ஆட்டி ஆட்டி நடத்துவேன். அன்று அந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு பிள்ளை தன் அம்மாவைப் பார்க்கக்கூடாது என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு பயமாக இருந்தது. அதைவிட, கடமைப்பட்டிருக்கிறது என்ற வார்த்தை இனித்தது. தலையை ஆட்டினேன். அவள் அதைப் பார்த்தாள்.

அதன் பிறகு அவள் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. மழை கொட்டி ரோட்டில் தண்ணீர் நின்ற நாளில்கூட அத்தை கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பேர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்பாள், என் முகத்தைப் பார்க்கமாட்டாள். நோட்டில் பிழைகள் வர ஆரம்பித்தன. வீட்டுப்பாடத்தை அம்மாதான் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. மட்டம் போட்ட காலத்தில் முதல் மூன்று பேரில் இருந்தவள், தினமும் வர ஆரம்பித்த பிறகு நடு வரிசைக்குப் போனாள். திரையில் எங்கள் பள்ளி பச்சையானது. அதே அதிகாரி அதே அரங்கில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, எல்லாரையும் கை தட்டச் சொன்னார். எப்படிச் சாதித்தீர்கள் என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கேட்டார்கள். "ஊர் ஒத்துழைப்பு" என்றேன்.

மைக்குக்குப் போவதை நிறுத்திவிடலாம் என்று இரண்டு மூன்று முறை நினைத்தேன். நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி சிவப்பாகிவிடுமே என்ற பயம்.

அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம், காலை பதினொரு மணி இருக்கும். பள்ளி வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கம்பெனி பேர் போட்ட நீலச் சட்டையைச் சுடிதாருக்கு மேல் போட்டிருந்தாள். ரோட்டிலிருந்து ஊருக்குள் வராமல் தோப்பைச் சுற்றி வந்திருப்பாள் போல, காலெல்லாம் முள் கீறல். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அதே நெற்றி, அதே மூக்கு.

"நீங்கதான மைக்ல பேரு சொல்ற டீச்சரு?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். கையைக் கூப்பினாள். "உங்கள ஒண்ணும் கொற சொல்ல வரல டீச்சர். ரெண்டு மாசமா பஸ் ஸ்டாண்டுல வந்து வந்து உக்காந்துட்டுப் போறேன். அது வரவே இல்ல. ஸ்டேஷனுக்குப் போனேன், ஊர்லயே பேசிக்கோம்மான்னு அனுப்பிட்டாங்க. ஒரு அஞ்சு நிமிஷம். இங்கயே உங்க கண்ணு முன்னாடியே பாத்துட்டுப் போயிட்றேன்" என்றாள்.

ஹெச்.எம். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். "டீச்சர், ஊர்ப் பகை நமக்கு வேண்டாம். பேசி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஏதோ ஒரு பதிவேட்டைத் திறந்து முகத்தைப் புதைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில்தான், அம்மாவையும் மகளையும் பார்க்க வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு, யாருக்கும் தெரியாது. அந்த அம்மாளை வாசல் சுவரோரம் நிற்கச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய், பெண்ணை வராந்தாவுக்கு அழைத்தேன்.

"உங்க அம்மா வந்திருக்காங்க. பின்பக்கமா கூட்டிட்டுப் போறேன், வா."

அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. நான் பார்த்தேன். பிறகு வெளிறிப்போய், வகுப்புக் கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் டீச்சர்."

"யாருக்கும் தெரியாது, நான் சொல்லமாட்டேன்."

"நீங்க சொல்லிருவீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாடத்தில் உள்ளதை ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "சொல்லிட்டீங்கன்னா நைனாவ கடலுக்குப் போவ வுடமாட்டாங்க. வேணாம் டீச்சர். நான் இன்னிக்கு வரலன்னு சொல்லிருங்க. ஆப்சென்ட்னு சொல்லிருங்க."

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கையைப் பிடித்தேன், விடுவித்துக்கொண்டாள். உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்துகொண்டாள். அவள் என்னிடம் முன்பு ஒன்று கேட்டாள், நான் செய்யவில்லை. இதையாவது செய்வோம் என்று வாசலுக்குப் போனேன்.

"இன்னைக்கு அவ வரலைங்க. ஆப்சென்ட்" என்றேன்.

அந்த அம்மாள் ஏமாந்துபோவாள், அழுவாள், நான் ஆறுதல் சொல்லி அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன். அவளோ என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"வரலியா? நெஜமாவா டீச்சர்? அப்ப அங்கதான் போயிருக்கும்! இன்னிக்கு எனக்கு ஆஃப்னு அதுக்குத் தெரியும், பரீட்ச வரைக்கும் தேதி எல்லாம் எழுதிக் குடுத்துருக்கேன். ஐயோ, நான் இங்க வந்து நின்னுகினு கீறேன், அது அங்க தனியா உக்காந்துகினு இருக்குமே!" சொல்லிக்கொண்டே திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள். பத்தடி போய் நின்று, மறுபடி கையைக் கூப்பினாள். "டீச்சர், இன்னிக்கு மட்டும் மைக்ல சொல்லிராதீங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

நான் தலையை ஆட்டினேன். கூப்பிட்டு நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்லி நிறுத்துவது? உன் மகள் உள்ளேதான் இருக்கிறாள், உன்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்றா? அவள் தோப்போரமாக ஓட்டமும் நடையுமாகப் போய், ரோட்டில் கையைக் காட்டி நிறுத்தி, மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறியதை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்புக்குத் திரும்பியதும் அந்தப் பெண் எழுந்து வந்தாள். அத்தனை நாளில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"போயிட்டாங்களா டீச்சர்?"

"போயிட்டாங்க."

"எந்தப் பக்கம் போற பஸ்ல ஏறுனாங்க?"

"கோவளம் பக்கம்" என்று எதிர்த் திசையைச் சொன்னேன். அவள் சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் அம்மா அன்று பஸ் ஸ்டாண்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. பள்ளி விடும் நேரம் வரைக்குமாவது இருந்திருப்பாள். அன்று எங்கள் பள்ளிக்கு எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள்.